நாற்பதாவது வீட்டுப் பெரியப்பா

முப்பத்தொன்பது வீட்டுக்காரர்களும் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள். நாற்பதாவது வீட்டுப் பெரியப்பா மட்டும் வரவில்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடி. சனிக்கிழமை காலை. ஏழு கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கணினியின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெரியப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் பெயர் சிவசண்முகம். திரைக்கு வெளியே அவர் கிடையாது. மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு, முற்றத்தில் ஒரு கொய்யா மரம், வாசலில் ஒரு மர நாற்காலி, அதில் அவர். இவ்வளவும் சிராஜுதீன் வரைந்து அசைய வைத்தது. அவர் பேசுகிற பேச்சு முழுவதும் காந்திமதிநாதன் எழுதியது.

அந்த விளையாட்டில் விளையாடுகிறவர்தான் மணப்பெண்ணின் அண்ணன். பத்து நாளில் நாற்பது வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். வாசலில் நின்று நீட்டிவிட்டு வந்தால் வேலைக்கு ஆகாது. ஒரு மாமா, பத்திரிகையை வாங்குவதற்கு முன் தன் மகனுக்கு வேலை கிடைத்த கதையை முதலிலிருந்து சொல்லுவார். நடுவில் எழுந்தால் போச்சு. ஒரு சித்தி வீட்டில் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் நான்கு வீடு சேர்ந்து கெட்டுவிடும். பிள்ளைகள் இதையெல்லாம் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்டார்கள். சிவசண்முகத்திடம்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அவர் கோபப்படுவதில்லை. வா என்பார், உட்காரச் சொல்லுவார், காபி வரும். தட்டைப் பணிவோடு வாங்கிக்கொள்வார். "வச்சிட்டேல்லா, வந்தாப் போச்சு" என்பார். கல்யாணத்தன்று வரமாட்டார். அவர் வராத கல்யாணத்தில் விளையாட்டு முடியாது. பெருமாள்ராஜ் என்ற மாணவன் பதினோரு தடவை பத்திரிகை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "ஏலே, இந்தாளு சிரிச்சுக்கிட்டே கழுத்த அறுக்குதாருலே."

பின்வரிசையில் கைகட்டி நின்ற காந்திமதிநாதனுக்கு அதைக் கேட்டு உள்ளூர ஒரு சந்தோஷம். நாற்பத்தேழு வயதில், தான் உண்டாக்கிய ஒருவரை மற்றவர்கள் திட்டுவதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

அவருடைய சொந்த வேலை, டவுனில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைக் கணினியில் அமைப்பது. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. யார் பெயருக்கு மேல் யார் பெயர் வரவேண்டும், யார் பெயரை விட்டால் யார் மண்டபத்துக்கு வெளியே நின்று பேசுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுப்ரஜா அந்த அச்சகத்துக்கு வந்ததே, விளையாட்டில் காட்ட ஒரு பத்திரிகை வேண்டும் என்றுதான். பெங்களூரில் ஆறு வருஷம் விளையாட்டு செய்யும் கம்பெனியில் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சிராஜுதீனோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியவள். அவள் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்து அவர், "ஏம்மா, பொண்ணோட பெரியப்பா பேர அப்பா பேருக்குக் கீழ போட்டிருக்கீங்க. கல்யாணம் நின்னுரும்" என்றார். அவள் சிரித்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது சனி, ஞாயிறுகளில் வந்து எழுதித்தர அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அதற்குமுன் அவர் வீடியோ கேம் ஒன்றைக்கூட ஆடியதில்லை. பழகிக்கொள்ளட்டும் என்று அவள் ஒரு விளையாட்டைக் கொடுத்தாள். கத்தி வைத்திருக்கும் வீரன் ஒருவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து பானைகளை உடைத்துக் காசு எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றபடி, நல்ல வெயில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். காந்திமதிநாதனுக்கு வீரனைவிட அந்த வீட்டுக்காரர்மேல்தான் மனசு போயிற்று. நான்கு வீட்டில் பானையை உடைத்துப் பார்த்தார். நான்கு பேரும் வெயிலைப் பற்றியே பேசினார்கள். "இவங்களுக்கு ஒடைஞ்சது தெரியல. தெரியாதவன் எப்படி மனுசன் ஆவான்?" என்று சுப்ரஜாவிடம் கேட்டார். அந்தக் கேள்வியை அவள் ஒரு மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதன்பிறகு அந்த விளையாட்டில் எந்த வீட்டிலும், நடந்ததை மறந்துவிடும் ஆள் ஒருவரும் கிடையாது.

அவர் எழுதியதெல்லாம் சிறந்தது என்று சொல்ல முடியாது. முதல் பத்து வீட்டு மனிதர்கள் பத்திரிகையில் அச்சாகும் உறவுமுறைகளைப் போலவே விறைப்பாக இருந்தார்கள். பிறகு மெல்ல இளகினார்கள். சிவசண்முகம் மட்டும் எழுதிய முதல் நாளே உயிரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அது எப்படி என்று எழுதியவருக்கே தெரியவில்லை. தெரியாததுதான் இப்போது சிக்கல்.

பிள்ளைகள் போனதும் சுப்ரஜா பேச்சை எடுத்தாள். விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. நெருக்கம் என்று அதற்குப் பெயர். சுழியத்திலிருந்து நூறு வரை. நல்லபடி நடந்தால் ஏறும், கெட்டபடி நடந்தால் இறங்கும், எண்பதைத் தாண்டினால் கல்யாணத்துக்கு வருவார்கள். பெரியப்பாவுக்குக் காந்திமதிநாதன் தொடக்கத்திலேயே நூறு போட்டுவைத்திருந்தார்.

"நூறுல இருக்கவரு ஏன் வரல அண்ணாச்சி?" என்று சிராஜுதீன் கேட்டான்.

"நூறுல இருக்கதுனாலதான் வரல."

"அப்ப என்ன செஞ்சா வருவாரு?"

இருபதாம் தேதி புனேயில் ஒரு நிறுவனத்துக்கு விளையாட்டை அனுப்ப வேண்டும். சுப்ரஜா கடுமையாகப் பேசுகிறவள் அல்ல. மன்னிப்புக் கேள் என்று ஒரு பொத்தானை வைத்துவிடலாமே என்று தன்மையாகத்தான் கேட்டாள். காந்திமதிநாதன் முடியாது என்று தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்டால் எதுக்குப்பா என்று பெரியப்பா கேட்பார். எதற்கென்று சொல்ல அந்தப் பையனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றார். அப்படியானால் அடுத்த சனிக்கிழமை வரை பார்க்கலாம், வழி கிடைக்காவிட்டால் அந்த வீட்டை எடுத்துவிட்டு முப்பத்தொன்பதோடு முடித்துக்கொள்வோம் என்றாள். நியாயமான பேச்சு. அதனால்தான் அவருக்கு வலித்தது.

நெல்லைப் பக்கத்தில் சடைவு என்று ஒன்று உண்டு. அது சண்டையில் சேராது. சண்டை போட்டவர்கள் என்றைக்காவது சேர்ந்துகொள்வார்கள். சடைவு கொண்டவர் வழியில் பார்த்தால் நன்றாகவே பேசுவார், துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், விசேஷத்துக்கு மட்டும் வரமாட்டார். என்ன மனத்தாங்கல் என்று கேட்டால் ஒன்றுமில்லையே என்பார். சொல்லிவிட்டால் அது புகார் ஆகிவிடும். தானாகப் புரிந்துகொண்டு வந்தால்தான் மரியாதை. இதை ஒரு மனிதனுடைய பிடிவாதம் என்றும் சொல்லலாம், நம்மவன் என்னை அறிவான் என்ற நம்பிக்கையின் மிச்சம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் வெளியே தெரிகிற முகம் ஒன்றுதான்.

வீட்டில் கோமு சாப்பாட்டு மேசையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பெரியப்பாவின் வசனத் தாள்களை வாசித்தாள். அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எதை வாசித்தாலும் திருத்துகிற கண். மூன்றாம் பக்கத்தில், பெரியப்பா தன் கால் ஆணியைப் பற்றிப் புலம்புகிற இடத்தில், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இது களக்காட்டு அத்தான்லா?"

அவர் மறுத்தார். இது கற்பனை என்றார்.

"உங்க கற்பனைக்கும் இடது கால்லதான் ஆணியா?"

களக்காட்டில் இருக்கும் அண்ணன் குமரகுருபரன் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தது, இது வெறும் மனையாக இருந்தபோது. ஆறு வருஷத்துக்கு முன் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. காந்திமதிநாதன் தன் கையாலேயே பத்திரிகை அமைத்து, தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் பழம் எல்லாம் வைத்து, மனைவியோடு களக்காட்டுக்குப் போய் அழைத்துவிட்டு வந்தார். முறையில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் தட்டை வாங்கி, காபி கொடுத்து, வந்தாப் போச்சு என்றார். வரவில்லை. அதன்பிறகு இரண்டு பிறந்தநாள், ஒரு காதுகுத்து. ஒவ்வொன்றுக்கும் தம்பி இன்னும் கூடுதல் முறையோடு போனார். தட்டில் வேட்டி துண்டுகூட ஏறியது. அண்ணன் இன்னும் கூடுதல் பணிவோடு வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான. ஒரு எட்டு போய்ட்டு வாங்க" என்றாள் கோமு. "ஆவணி பதினாலு சுகிர்தா நிச்சயத்துக்கும் சொன்ன மாதிரி ஆகும்." மகளின் நிச்சயதார்த்தப் பத்திரிகையையும் தட்டுச் சாமான்களையும் அவளே ஒரு துணிப்பையில் வைத்துக் கட்டினாள். வாழைத்தோட்டத்து ஊருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போகிறதே என்று அவர் கேட்டதற்கு, முறை முறைதான் என்றாள்.

சேரன்மகாதேவி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஆற்றில் நல்ல தண்ணீர். பையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்தால் வருவார் என்று யோசித்துக்கொண்டே போனார். அவர் யோசித்தது எந்தப் பெரியப்பாவை, எந்த அண்ணனை என்று பிரித்துச் சொல்வது கடினம். பஸ் இறங்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. அந்தப் பதில்தான் வரவில்லை.

அண்ணன் தன் ஓட்டு வீட்டு வாசலில், கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; இப்போது ஏத்தன் வாழை போட்டிருக்கிறார். வாப்பா என்றார், உட்காரச் சொன்னார், மதினி காபி கொண்டுவந்தாள். எல்லாம் தான் எழுதிய வரிசையிலேயே நடப்பதைக் கண்டு காந்திமதிநாதனுக்கு வியர்த்தது. அடுத்தது பையைத் திறப்பதுதான். கை பையை நோக்கிப் போயிற்று. வந்தாப் போச்சு என்ற சொல்லை இன்னொரு தடவை கேட்க மனசு வரவில்லை. கை சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுத்தது.

"அண்ணே, நான் ஒரு வெளையாட்டு எழுதுதேன். பாக்கீங்களா?"

குமரகுருபரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஓரமாகத்தான் தொடங்கினார். இரண்டாம் வீட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்று சொல்லச் சித்தி வீட்டில் வழி இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை; "யாராவது வேண்டாம்னு சொல்லுவானா?" என்று திரையைப் பார்த்தே கேட்டார். கதை சொல்லும் மாமாவிடம் முழுக்கதையும் கேட்டார், ஊடே இரண்டு கேள்வி வேறு கேட்க முடியவில்லையே என்று குறைப்பட்டார். மதினி சாப்பிடக் கூப்பிட்டாள். இந்தா வாரேன் என்றவர் ஒரு மணி நேரம் வரவில்லை. ஏழு கல்லூரிப் பிள்ளைகளும் மூன்று மணி நேரம் தடுமாறிய இடங்களை எல்லாம் அவர் தன் சொந்தத் தெருவில் நடப்பதுபோல நடந்து தாண்டினார்.

நாற்பதாவது வீடு வந்தது.

காந்திமதிநாதன் அண்ணனின் முகத்தையே பார்த்தார். அண்ணன் ஓட்டு வீட்டைப் பார்த்தார், கொய்யா மரத்தைப் பார்த்தார். பத்திரிகையைத் தொட்டுப் பெரிதாக்கி, இதுவரை வாசிக்காதவர் இப்போது வாசித்தார். நல்வரவை விரும்பும் என்று போட்டுக் கீழே அழைப்பவர்களின் பெயர் வரிசை. சிவசண்முகம் என்ற பெயர் எல்லோருக்கும் மேலே.

"பேரு சரியாத்தான் போட்டிருக்கு. யாரு போட்டது?"

"நாந்தாண்ணே."

அண்ணன் பத்திரிகையை வைத்தார். திரையில் பெரியப்பா தட்டை வாங்கிக்கொண்டு, வந்தாப் போச்சு என்றார். குமரகுருபரன் கைபேசியை மடியில் இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"இவரு வரமாட்டாரு."

"ஏண்ணே?"

"கூப்பிடுதவரு வரிசையில மொதப் பேரு இவரு பேரு. அந்தத் தாளையே தட்டுல வச்சு இவரக் கூப்பிட்டா? வீட்டுக்காரனப் பாத்து வீட்டுக்கு வாங்கன்னு சொல்லுத மாதிரிலா இருக்கு. அந்தப் பயலுக்கு மூள வேண்டாமா?"

"மரியாதைக்குத்தான் தட்டு கொண்டு போறான்."

"மரியாத வெளியாளுக்கு. இவருக்கு எதுக்கு?" அண்ணன் கைபேசியை மறுபடி எடுத்து இரண்டு மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்தார். "இதுல கைய வீசிக்கிட்டுப் போக முடியாதாப்பா? போயி, பெரியப்பா, பந்திக்கு ஆளு பத்தல, என்ன செய்யன்னு கேக்க முடியாதா?"

"இப்ப முடியாதுண்ணே."

"வச்சுக் குடு."

அவர் அந்தப் பையனைப் பற்றி மட்டும்தான் பேசினார். பால்காய்ப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை, தம்பியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. காந்திமதிநாதனுக்கு ஆறு வருஷமும் நான்கு தட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு முறையாகப் போனாரோ அவ்வளவு தூரம் அண்ணனைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அழைப்பவர் வரிசை அமைத்துக் கொடுத்தவர், தன் குடும்பத்து வரிசையின் முதல் பெயரை விருந்தாளி ஆக்கிவிட்டார். காலருகே துணிப்பை இருந்தது. அதை மெதுவாகக் காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"அண்ணே, ஆவணி பதினாலு சுகிர்தாவுக்கு நிச்சயம் வச்சிருக்கு. சமையலுக்கு ஆளு சொல்லல. எனக்கு ஒன்னும் ஓடல."

சமையலுக்கு ஆள் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

குமரகுருபரன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏட்டி, அந்தச் சமையல் தவசிப்பிள்ள நம்பர எடு." தம்பியிடம் திரும்பினார். "ரெண்டு வாரங்கூட இல்ல கையில. இப்ப வந்து சொல்லுத. எத்தன பேரு?"

"எரநூறு இருக்கும்."

"இருக்கும்னா? எலைய அங்கன வாங்கிராத. இங்கன நம்ம தோட்டத்துல இருக்கு. சாம்பார ரெண்டு தடவ ஊத்தணும், மாப்பிள்ள வீட்டுக்காரன் பேசிருவான். மண்டபமா வீடா? வீட்டுலன்னா பந்தல் யாரு போடுதா?"

அதற்குள் மதினி பெருக்குவதற்காகப் பெஞ்சடியிலிருந்து பையை இழுத்துவிட்டாள். என்ன இது என்று கேட்டவளிடம், பஸ்ஸில் சாப்பிட என்று காந்திமதிநாதன் உளறினார். அவள் முடிச்சை லேசாகத் தளர்த்தி உள்ளே பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "மஞ்சளும் பஸ்லதான் திங்கவா கொழுந்தனாரே?" என்றாள். பிறகு முடிச்சை முன்னிலும் இறுக்கிப் போட்டு, கணவரின் கண்ணில் படாமல் பையைக் கொழுந்தனின் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அன்று முழுவதும் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அச்சகம் விட்டு வந்த காந்திமதிநாதன் சொன்னதைக் கேட்டுச் சிராஜுதீன் மேசையில் தட்டினான். தட்டில்லாமல் போகும் வழி விளையாட்டில் எந்த வீட்டுக்குமே இல்லை. நாற்பது வீட்டுக்கும் வைத்தால்தான் நாற்பதாவது வீட்டுக்கு அர்த்தம் வரும் என்று சொல்லி, மூன்று நாள் உட்கார்ந்து செய்து முடித்தான். மற்ற முப்பத்தொன்பது வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போனால் வெளியே தள்ளாத குறைதான். பெரியப்பாவிடம் மட்டும் பத்திரிகையைத் தவிர வேறெதையும் கொண்டுபோகலாம். ஒரு வேலை, ஒரு சந்தேகம், ஒரு தலைவலி. துப்பு ஏதாவது வைக்கலாமா என்று சுப்ரஜா கேட்டாள். துப்பு பத்திரிகையிலேயே அச்சில் இருக்கிறது என்றார் காந்திமதிநாதன்.

சனிக்கிழமை அதே ஏழு பிள்ளைகள் வந்தார்கள். நாற்பது நிமிஷம் கழித்து, நித்யா என்ற பெண் பத்திரிகையைப் பெரிதாக்கி வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், பந்தல்காரன் போன் எடுக்கவில்லை என்று பெரியப்பாவிடம் சொன்னாள். சிவசண்முகம் முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்தார். உள்ளே போனவர் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அறையில் ஏழு பேரும் எழுந்து அந்தத் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியப்பா கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே வந்து சேர்ந்தார், பந்தலை மாற்றினார், நித்யா அரும்பாடுபட்டு முடிவு செய்திருந்த சமையல் பட்டியலை அடித்துவிட்டார், வாசலில் நின்றுகொண்டு விளையாடுகிறவளை ஏவினார். "இவரு வராமயே இருந்திருக்கலாம்லே" என்று பெருமாள்ராஜ் தலையில் கைவைத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

சுப்ரஜா உள்ளே எண்ணைப் பார்த்தாள். நூறிலிருந்து அது அசையவே இல்லை. கதையில் வருகிற ஆள் கடைசிக்குள் மாற வேண்டும் என்றுதான் அவள் படித்த பாடம். இங்கே பெரியப்பா முதலில் இருந்த அதே ஆள்தான். மாறியது கணினிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நித்யாதான். விளையாட்டுக் கலை இதைவிடப் பெரிதாக எதையும் செய்துவிடும் என்று தோன்றவில்லை. இதைச் செய்தால் போதும் என்றும் தோன்றுகிறது.

அந்த வீடு இருக்கட்டும், புனேக்கு நாற்பதும் போகட்டும் என்று சொல்ல அவள் காந்திமதிநாதனைத் தேடினாள். அவர் அறையில் இல்லை. டயர் கடைக்கு இறங்கும் படிக்கட்டில் நின்று, கைபேசியைக் காதிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்திருந்தார். நாற்காலி இருநூறு என்று ஏன் சொன்னாய், இருநூற்று ஐம்பது என்று சொல்ல வாய் இல்லையா என்று களக்காட்டிலிருந்து அண்ணன் குரல் படிக்கட்டு முழுவதும் கேட்டது. சரிண்ணே, சரிண்ணே என்று அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சிரிப்பில் வாய் காதுவரை விரிந்திருந்தது.